தட்டுக் கணக்கு

பெட்டமுகிலாளத்தில் பஸ் திரும்பிப் போய்விடும்.
அதற்கு மேல் ஜீப் பாதை, மூன்று கிலோமீட்டர்.
பாதை தீரும் இடத்தில் எங்கள் முகாம் விடுதி:
தகரக் கூரை, நீளக் கூடம் இரண்டு,
இரண்டடுக்குக் கட்டில்கள், யானை அகழி,
மழைக்கு முன்னமே செத்துப்போகும் போன்.
சமையலும் சாவியும் என்னிடம்.

தை மாதம் ஓசூரிலிருந்து வந்தார்கள்
ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைகள், நாற்பத்தொரு பேர்.
கூட இரண்டு டீச்சர். பொறுப்பு சம்பங்கி சார்.

சார் தலையை எண்ணுவார்.
விசில் ஊதி வரிசை போட்டு
விரலை நீட்டி நீட்டி.
நான் தட்டை எண்ணுவேன்.
தலை குனியும், நகரும்,
இன்னொரு தலைக்குப் பின்னால் போய்ச் சிரிக்கும்.
தட்டு, கழுவிக் கவிழ்த்தால்
கவிழ்ந்தபடி கிடக்கும்.

முதல் ராத்திரி களியும் மொச்சைச் சாறும்.
களியைப் பாதிப் பேர் சூயிங்கம் போல மென்றார்கள்.
ஒருத்தி மட்டும் கிள்ளி, உருட்டி, சாற்றில் புரட்டி
தொண்டையில் வழுக்கவிட்டு
மறுபடி நீட்டினாள் தட்டை.
காதை மூடிய சிவப்புக் குல்லா.
குல்லா விடுதிச் சொத்து, பெட்டியில் ஐம்பது.
அதை மாட்டிக்கொண்டால்
எல்லாப் பிள்ளையும் ஒரே பிள்ளை.

கவிழ்த்தேன். நாற்பத்திரண்டு.
டீச்சர்களுக்குப் பீங்கான், அது தனி.
மறுபடி எண்ணினேன். நாற்பத்திரண்டு.

அகழிக்கு அந்தப் பக்கம் பதினோரு வீடு.
ராக்காவலுக்கு அங்கிருந்துதான் வருவான் மல்லேசன்.
"உங்க பக்கம் யாரையாச்சும் தேடுறாங்களா?"
"தேடுனா இங்கதானே வருவாங்க" என்று
பீடியைப் பற்றவைத்தான்.
பார்வை மட்டும்
கூடத்து ஜன்னலை விட்டு நகரவில்லை.

சொல்லியிருக்கலாம் சாரிடம்.
வாளித் தண்ணீர் ஊசியாய்க் குத்திய ராத்திரி அது.
ஒரு மேல்கட்டில் காலியாகவும் கிடந்தது.
தவிர, எனக்குச் சம்பளம்
தட்டு எண்ணத்தான்.

மறுநாள் காம்பஸ், கயிற்றுப் பாலம்,
உண்ணிச்செடி கிழித்த முழங்கைகளுக்கு மஞ்சள் மருந்து.
சாயங்காலம் ஆளுக்கொரு தாள்:
'காட்டில் நீ கேட்ட ஐந்து ஒலிகளை எழுதுக.'

அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து
சார் திருத்தினார்.
காற்று, குருவி, சருகு, ஓடை.
காற்று, ஓடை, சருகு, குருவி.
சிங்கம் என்று ஒருத்தி.
"இங்கே ஏதும்மா சிங்கம்" என்று சிரித்தவர்
பெயரில்லாத ஒரு தாளில் நின்றார்.
பென்சில், எழுத்தெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து:

ஜெனரேட்டர்.
விசில்.
தூங்குற பையோட ஜிப்பு.
சுவருக்கு அந்தாண்டை சாரோட குறட்டை.
பக்கத்துக் கட்டில்ல ஒரு அக்கா
போர்வையக் கடிச்சிக்கிட்டு அழுதது.

"இதுல காடு எங்கே இருக்கு?" என்றார்.
நான் அவரையைத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன்.
சார் கொஞ்ச நேரம் நெருப்பைப் பார்த்தார்.
அப்புறம் எழுந்து கூடத்து வாசலுக்குப் போய்,
வாயருகே கொண்டுபோன விசிலை
அப்படியே தொங்கவிட்டு,
யார் எழுதியது என்று கேட்கவில்லை.
"நேத்து ராத்திரி யாரெல்லாம் அழுதீங்க?"

ஒரு கை.
பிறகு, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு,
ஏழு கைகள்.
எட்டாவதாக ஒரு டீச்சர்.

அன்றைக்கு விளக்கணைக்க நேரமாயிற்று.
யாரோ பாட, யாரோ திட்ட, நான் சுக்குக்காப்பி போட,
வெளியே மல்லேசன் இருமிக்கொண்டே இருந்தான்.
தம்ளர்களை எண்ணாமல் கழுவினேன்.

மூன்றாம் நாள் காலை வரிசை.
ஜீப்பில் ஏறும்போது சார் எண்ணினார்:
நாற்பத்தொன்று. சரியாய் இருந்தது.
கையெழுத்துப் போட்டுப் போனார்கள்.

கூடத்தைப் பெருக்கி, கம்பளியை உதறி,
குல்லாக்களைப் பெட்டியில் வைத்தேன்.
நாற்பத்தொன்பது.
பதிவேட்டில்
'ஒன்று, எலி கடித்தது' என்று எழுதினேன்.